மலையகத்தில் கைக்கு எட்டும் விலையில் கேமிங் கம்ப்யூட்டர்: எதை வாங்குவது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருந்து முதல் தடவையாகப் பாகம் பாகமாக வாங்கி மெஷின் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். விலைகளை ரூபாவில் போடவில்லை. டொலர் கொஞ்சம் அசைந்தாலே அந்தக் கணக்கு பிழைத்துவிடும். பணத்தை எந்தப் பங்கில் பிரிப்பது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

எங்கிருந்து தொடங்குவது? பிராசசரா, கிராபிக் கார்டா?

விளையாடப் போகும் கேமில் இருந்து தொடங்குங்கள். வலோரண்ட், டோட்டா 2, ஜிடிஏ 5 போன்றவை போதும் என்றால் தனி கிராபிக் கார்ட் இல்லாமலே ஆரம்பிக்கலாம். புதிதாக வரும் பெரிய கேம்களை 1080பி திரையில் நடுத்தர செட்டிங்கில் 60 ஃபிரேமுக்கு ஓட்ட வேண்டும் என்றால் 8 ஜிபி நினைவகம் உள்ள கார்ட் வேண்டும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பேசப் போவது இந்த இரண்டாவது ஆளுக்காகத்தான். 4கே, 240 ஹேர்ட்ஸ் என்று கேட்பவர்களுக்கான பக்கம் இதுவல்ல.

மொத்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

மொனிட்டர், கீபோர்ட், யூபிஎஸ் நீங்கலாக, மெஷினுக்கு மட்டும் நூறு ரூபா இருக்கிறது என்று வையுங்கள். கிராபிக் கார்டுக்கு 38, பிராசசருக்கு 17, மதர்போர்டுக்கு 13, ராமுக்கு 10, எஸ்எஸ்டிக்கு 8, பவர் சப்ளைக்கு 9, கேசிங்குக்கு 5.

2025 இன் கடைசி மாதங்களில் இருந்து உலகெங்கும் ராம் விலை ஏறியதால் அந்த 10 இலேசாக 15ஐத் தாண்டும். அப்படி இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், கேசிங்கை இன்னும் சாதாரணமாக எடுங்கள், எஸ்எஸ்டியை 500 ஜிபியாகக் குறையுங்கள். பவர் சப்ளையின் 9ஐ மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று கீழே நீளமாகவே சொல்லியிருக்கிறோம்.

எந்த பிராசசர்?

ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). பெட்டியோடு வரும் கூலரே போதும். 2022 இல் வந்தது என்றாலும் இந்த விலை மட்டத்தில் உள்ள எந்தக் கார்டையும் இது பின்னுக்கு இழுக்காது.

அதைவிட மலிவாக ரைசன் 5 5500 கிடைக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, கோர் எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் கேஷ் பாதி (16 எம்பி), பிசிஐஇ 3.0 மட்டும், அதாவது கிராபிக் கார்டோடு பேசும் பாதை பழைய தலைமுறை. ஃபிரேம் கொஞ்சம் குறையும், விளையாட்டு கெடாது. காசு இடித்தால் எடுக்கலாம். இன்டெல் பக்கம் போனால் கோர் ஐ3-12100எஃப் நான்கு கோர், ஐ5-12400எஃப் ஆறு கோர். இதில் 12400எஃப் நல்ல தேர்வு. 12100எஃப் இன்றைக்கு ஓடும். ஆனால் பின்னால் டிஸ்கோர்டும் பிரவுசரும் திறந்து வைத்து விளையாடுபவருக்கு மூச்சு வாங்கும்.

மாடல் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600, 5500 இரண்டிலும் கிடையாது. கார்ட் இல்லாமல் இவற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் வயரைக் குத்தி, “படம் வரவில்லையே” என்று கடைக்கு போன் எடுப்பது வழக்கமாக நடக்கிற கூத்து.

ஏஎம்5 வாங்கினால் பிறகு மேம்படுத்தலாம் என்கிறார்களே?

உண்மைதான். ஏஎம்4, ஏஎம்5 என்பவை ரைசன் பிராசசர் உட்காரும் சொக்கட்டின் பெயர்கள். மேலே சொன்ன 5600 ஏஎம்4 வகை, ஏஎம்5 அதற்கு அடுத்தது. ஆனால் ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 (டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறை) ராம் மட்டுமே ஏற்கும். போர்டும் ராமும் சேர்ந்து விழுங்கும் மேலதிகப் பணத்தை கிராபிக் கார்டில் போட்டால் இன்றைக்கே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரும். ஏஎம்4 இல் 5600 வாங்கிவிட்டு, மூன்று வருடம் கழித்து பாவித்த 5700எக்ஸ்3டி பிராசசர் ஒன்று அகப்பட்டால் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது கார்ட் வாங்கக் காசு இல்லை. ஆறு மாதம் கழித்து வாங்கலாமா?

வாங்கலாம். அதற்கு ரைசன் 5 5600ஜி எடுங்கள், உள்ளே வேகா 7 கிராபிக்ஸ் இருக்கிறது. இரண்டு நிபந்தனைகள். ராம் கட்டாயம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமையே தன் நினைவகமாகப் பாவிக்கிறது. ஒற்றைக் குச்சியில் ஃபிரேம் மோசமாக விழும். இரண்டாவது, பவர் சப்ளையை இப்போதே பிறகு வரப்போகும் கார்டுக்குக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். 5600ஜி பிசிஐஇ 3.0 தான், கேஷும் 16 எம்பிதான். பிறகு கார்ட் போடும்போது 5600ஐ விடச் சற்றுப் பின்தங்கும் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

மதர்போர்டில் மிச்சம் பிடிக்கலாமா?

ஓரளவு. ரைசனுக்கு பி550 சிறந்தது. பி450 உம் ஏ520 உம் பிசிஐஇ 3.0. பி450 போர்ட் பழைய ஸ்டொக் என்றால் பயோஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளை) மேம்படுத்தாமல் 5000 வரிசைப் பிராசசரை அடையாளம் காணாது. மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். வாங்கும் கடையிலேயே பயோஸை மேம்படுத்திக் கேளுங்கள். ஹட்டனுக்கு வந்த பிறகு பழைய பிராசசர் ஒன்றைத் தேடி அலைய முடியாது.

இன்டெலுக்கு எச்610 மலிவு, ஆனால் பெரும்பாலும் ராம் இடம் இரண்டே. பி660, பி760 நல்லது. இந்த இன்டெல் போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகையாக வரும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ராம் வாங்குங்கள். இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது.

சரி, எந்தக் கிராபிக் கார்ட்?

புதிதாக வாங்கினால் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபிதான் நாங்கள் முதலில் சொல்வது. 132 வொட், ஒரே ஒரு 8 பின் வயர். அதற்கு மேல் காசு இருந்தால் ஆர்எக்ஸ் 7600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060. பின்னது 115 வொட்டில் வேலையை முடித்துவிடும், ஏஐ மூலம் ஃபிரேமைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. பாவித்ததில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல சரக்கு. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் பழகும் தம்பிமாருக்கு அந்த 12 ஜிபி கைகொடுக்கும்.

தவிர்க்க வேண்டியவை சில. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டும் பிசிஐஇயில் நான்கு லேன் (தரவு ஓடும் தடம்) மட்டும் பாவிப்பவை. பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் பாதை பாதியாகிவிடும், 4 ஜிபி நினைவகம் நிறைந்ததும் கேம் விக்கத் தொடங்கும். கேம் ஓடுவதை ரெக்கோர்ட் செய்யும் என்கோடரும் அவற்றில் இல்லை. அடுத்தது ஜிடிஎக்ஸ் 10 வரிசை. 1060, 1070 எல்லாம் ஒரு காலத்தில் ராஜா. ஆனால் 2025 ஒக்டோபரோடு புதிய கேம்களுக்கான டிரைவர் அவற்றுக்கு நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 1660 சுப்பர் இன்னும் தாக்குப்பிடிக்கிறது, விலை நன்றாகக் குறைந்தால் எடுக்கலாம். ஆனால் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கட்டாயம் என்று கேட்கும் புதிய கேம்கள் அதில் திறக்கவே திறக்காது.

இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ‘ரீசைசபிள் பார்’ (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே தடவையில் தொட விடும் வசதி) வேண்டும். அதை பயோஸில் இயக்க முடியாத பழைய போர்டில் போட்டால் கொடுத்த காசுக்கு வேலை செய்யாது.

பாவித்த கார்ட் வாங்குகிறேன். ஏமாறாமல் எப்படிச் சோதிப்பது?

பேஸ்புக்கில் படம் பார்த்து வங்கிக்குக் காசு போட்டு, கூரியரில் வரவழைக்க வேண்டாம். நேரில் போங்கள், பட்டப்பகலில், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் உள்ள இடத்துக்கு.

கையில் எடுத்ததும் முதலில் திருகாணிகளைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள், பதில் தடுமாறினால் வேறு கார்ட் பாருங்கள். பின்பக்கத் தகட்டின் இடுக்கிலும், வயர் குத்தும் வாயிலும் பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அது ஈரம் தின்ற அடையாளம். கடற்கரை ஊர்களில் இருந்து வரும் கார்டுகளில் அதிகம், நம்ம ஊர்ப் பனியிலும் வரும். தங்க நிறப் பல்வரிசையில் கறுத்த தீக்காயம் இருந்தால் வேண்டாம். மின்விசிறியை விரலால் மெல்லச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். கரகரத்தால் மாற்றச் செலவாகும், விலையில் குறைக்கக் கேளுங்கள்.

பிறகு மெஷினில் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் ஆச்சரியக்குறியோ, கார்டின் பெயரோடு ‘ஃபேக்’ என்ற சொல்லோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் வேலை வெகுகாலமாக நடக்கிறது. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் ‘ஷேடர்’ எண்ணிக்கையைப் பாருங்கள். உண்மையான 580க்கு 2304. 2048 என்று இருந்தால் அது வேறு ரகம், 570க்குச் சமம். பொய்க் கார்ட் என்று சொல்ல முடியாது, ஆனால் விலை 570இன் விலையாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஃபர்மார்க் (கார்டைச் சூடேற்றிச் சோதிக்கும் மென்பொருள்) அல்லது ஏதாவது கனமான கேமைக் குறைந்தது இருபது நிமிடம் ஓட விடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. சூடேறிய பிறகுதான் நினைவகக் கோளாறு திரையில் புள்ளியாக, கோடாக, நிற மாற்றமாகத் தலைகாட்டும். வெப்பம் 85 பாகையைத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் துளைகளிலும் வயரைக் குத்திப் படம் வருகிறதா என்று பாருங்கள். மைனிங்கில் (பிட்கொயின் போன்ற டிஜிட்டல் காசு உண்டாக்கும் வேலையில்) ஓடிய கார்ட் என்றாலே பயந்து ஓட வேண்டியதில்லை. அதன் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தேய்வது மின்விசிறியும் நினைவகத்தின் மேல் ஒட்டிய பேடும்தான்.

ராம் எவ்வளவு?

16 ஜிபி, 8 ஆக இரண்டு, டிடிஆர்4 3200, சிஎல்16 (சிஎல் என்பது ராம் பதில் தர எடுக்கும் தாமதம்). நான்கு இடம் உள்ள போர்டில் பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். பொருத்திய பிறகு பயோஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் சொன்ன வேகத்தில் ஓட விடும் செட்டிங்கை) போடாவிட்டால் ராம் 2133 அல்லது 2400இலேயே படுத்திருக்கும். வருடக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும், இப்போதே பாருங்கள்.

எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

எஸ்எஸ்டி, போர்டிலேயே நேரே குத்தும் எம்.2 என்விஎம்இ வகை. எம்.2 வடிவத்திலேயே பழைய சாட்டா வகையும் விற்கிறார்கள், பார்க்க ஒன்று போலவே இருக்கும். பெட்டியில் என்விஎம்இ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய கேம் நூறு ஜிபியைத் தாண்டுவதால் 1 டிபி நல்லது. இணைய டேட்டா நம்ம பக்கம் பெரிய செலவு. நீக்கி நீக்கித் திரும்ப இறக்குவதை விட இடம் இருப்பது இலாபம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கேம் ஃபைல்களின் பிரதி வைக்கப் பாவியுங்கள்.

பவர் சப்ளையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்? கேசிங்கோடு 500 வொட் ஒன்று இலவசமாக வருகிறதே?

அந்த இலவசத்தைத்தான் சொல்கிறோம். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழ் எத்தனை அம்பியர் என்று இருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வொட். கார்டும் பிராசசரும் உண்பது இந்த 12 வோல்ட் வரியில்தான். மேலே ‘500’ என்று பெரிதாக அச்சடித்தது வெறும் அலங்காரம். நல்ல 550 வொட் சப்ளையில் அந்தப் பெருக்கல் 500க்கு மேல் வரும்.

உங்கள் மெஷினுக்கு எவ்வளவு வேண்டும்? ஆர்எக்ஸ் 6600 132 வொட். ரைசன் 5600 முழு வேகத்தில் 76 வொட். போர்ட், ராம், எஸ்எஸ்டி, மின்விசிறி எல்லாம் சேர்த்து 40 போடுங்கள். மொத்தம் 250க்குள். கண நேரம் கார்ட் துள்ளுவதற்கும், நாளைக்குப் பெரிய கார்ட் போடுவதற்கும் இடம் விட்டு 550 வொட், 80 பிளஸ் புரோன்ஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச் சான்று). 750 எல்லாம் தேவையில்லை.

இனி, வாங்குவதற்கான வழிகாட்டிகளில் அதிகம் வராத ஒரு விஷயம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆனால் டிரான்ஸ்போமரில் இருந்து தூரத்தில் உள்ள தோட்டங்களில், மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் லைட்டும் ரைஸ் குக்கரும் போட்டதும் வோல்டேஜ் சரிந்துவிடும். பல்ப் மங்குவதை வைத்தே தெரியும். பவர் சப்ளை அட்டவணையில் ‘ஏசி இன்புட்’ என்ற வரியைப் பாருங்கள். சிலதில் 200–240 என்று இருக்கும், சிலதில் 100–240. ஒரே கம்பனியின் ஒரே பெயரில்கூட இரண்டு ரகமும் உண்டு. 200க்குக் கீழே சரிந்தால் முதல் ரகம் விளையாட்டின் நடுவில் மெஷினை அணைத்துவிடலாம். வோல்டேஜ் தள்ளாடும் இடத்தில் இருப்பவர் 100–240 ரகத்தைத் தேடி வாங்குங்கள். ‘வைரஸ்’, ‘விண்டோஸ் பிழை’ என்று ஃபோர்மட் அடித்துக்கொண்டே இருக்கும் பல மெஷின்களின் நோய் இதுதான்.

கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது. மெஷினில் பிழையா?

பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை. பவர் சப்ளையின் வாயிலில் மின் இரைச்சலை வடிக்கச் சின்ன கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும். லைவில் இருந்து ஒன்று, நியூட்ரலில் இருந்து ஒன்று, இரண்டும் கேசிங்கோடு சேர்ந்து எர்த்துக்குப் போகும். எர்த் வயர் இல்லாவிட்டால் கேசிங் ஏறத்தாழ பாதி வோல்டேஜில், 115 வோல்ட் அளவில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுள்ளென்று மட்டும் இழுக்கும். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிக் குத்தினால், மிதக்கும் வோல்டேஜ் அந்தச் சின்னப் பின்கள் வழியாகப் பாயும். கார்டின் துளையோ டிவியின் துளையோ போய்விடும். எர்த் சரியாகும் வரை, இரண்டு பக்க ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் அந்த வயரில் கை வைக்க வேண்டும்.

பழைய லயக் காம்பராக்களில் உருண்டைப் பின் சொக்கட்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வயரோ சதுரப் பின் மூன்று உள்ள 13 அம்பியர் ப்ளக்கோடு வருகிறது. நடுவில் போடும் மலிவு அடப்டர் பலதில் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக். சொக்கட்டையே 13 அம்பியருக்கு மாற்றி, எர்த் வயர் நிலத்தில் அடித்த கம்பி வரை போகிறதா என்று மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சில் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். எர்த்தைத் தண்ணீர்க் குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டும் பழக்கம் உயிருக்கு ஆபத்து.

இடி மின்னலுக்கு சேர்ஜ் ப்ளக் போதுமா?

போதாது. அதற்குள் இருக்கும் பாகம் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுவதற்காக உள்ளது. எர்த்தே இல்லாத வீட்டில் அதன் வேலை அரைகுறை. கிட்ட விழும் இடிக்கு எதுவும் நிற்காது. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் காணாது.

ப்ளக்கைப் பிடுங்கியவர்களின் மெஷினும் போவது எப்படித் தெரியுமா? டிஷ் அன்டெனா வயர் டிவியில், டிவியில் இருந்து எச்டிஎம்ஐ கிராபிக் கார்டில். கூரையில் இருக்கும் டிஷ்ஷில் இறங்கியது நேரே மெஷினுக்குள் வந்துவிடும். ரவுட்டரில் இருந்து வரும் லேன் வயரும் அப்படித்தான். ப்ளக், டிஷ் அன்டெனா வயர், லேன் வயர் மூன்றையும் கழற்ற வேண்டும். மேட்டில் தனியாக நிற்கும் வீடுகளில் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ் எது?

‘லைன் இன்டரக்டிவ்’ வகை, ஏவிஆர் (வோல்டேஜைத் தானே சீராக்கும் பாகம்) உள்ளது. மாலை நேரம் வோல்டேஜ் சரியும்போது பட்டரிக்குப் போகாமலே அது தூக்கிக்கொடுக்கும். அளவில் விஏ எண்ணைப் பார்க்காமல் வொட் எண்ணைப் பாருங்கள். 650 விஏ என்பது பல மாடல்களில் 360 வொட் அளவுதான். மேலே கணக்குப் போட்ட மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து 280 அளவு இழுக்கும் என்பதால் அது சேவ் பண்ணி அணைக்கச் சில நிமிடம் தரும், விளையாட்டைத் தொடர விடாது. 1000 விஏ எடுத்தால் நிம்மதி. கரண்ட் போகும் அந்தக் கணத்தில் யூபிஎஸ் ஓடியும் மெஷின் மட்டும் அணைந்தால், யூபிஎஸ் தரும் கரடுமுரடான அலைவடிவமும் பவர் சப்ளையின் அக்டிவ் பிஎஃப்சியும் (மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். கடையில் வாங்கும் முன் உங்கள் சப்ளையோடு சேர்த்துக் கேமை ஓட்டி, ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லலாம்.

நுவரெலியாக் குளிருக்குக் கூலரே வேண்டாம் என்கிறார்களே?

வேண்டும். காற்று குளிர்ந்தது, ஆனால் மெலிந்தது. சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. மின்விசிறி தள்ளும் காற்றின் எடையும் அதற்கேற்பக் குறையும். குளிர் அதை ஈடுகட்டுவதால் கொழும்பை விட நம் மெஷின் குளிராகவே ஓடும். பெட்டியோடு வரும் கூலர் போதும், தண்ணீர்க் கூலருக்குக் காசைக் கரைக்க வேண்டாம். முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன், அவ்வளவே.

குளிரை விடப் பனிதான் தொல்லை. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த மெஷின் மேல், காலையில் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று பட்டால் கண்ணாடிப் பக்கத்தில் வியர்த்திருப்பதைப் பார்க்கலாம். அதே ஈரம் உள்ளேயும் படியும். அறை கொஞ்சம் சூடேறிக் கண்ணாடி காய்ந்த பிறகு பவரைப் போடுங்கள். தொடர்ச்சியாக மழை பெய்யும் நாட்களில் தினமும் ஒரு மணி நேரமாவது மெஷினை ஓட விடுவது நல்லது, அதன் சூடே உள்ளே காய வைக்கும். வாரக்கணக்கில் பாவிக்காமல் போர்வையால் மூடி வைப்பதுதான் கெடுதல். சுவரோடு ஒட்டி, சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். அரை அடி உயரப் பலகை போதும்.

விறகு அடுப்புள்ள வீட்டில் இன்னொன்று. புகைக் கரி தூசியோடு சேர்ந்து பிசுபிசுப்பாக ஒட்டும், ஊதினால் போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். உள்ளே தூசி தட்டும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் தகடு இல்லாத ஓட்டைகளை மூடுங்கள். கரப்பானுக்கும் பல்லிக்கும் சூடான இடம் என்றால் கொள்ளைப் பிரியம்.

கொழும்பில் வாங்குவதா, டவுனில் வாங்குவதா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் தெரிவு அதிகம், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் விலை பேச முடியும். சொல்லும் விலையில் 18 வீத வட் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஆனால் பவர் சப்ளை, யூபிஎஸ் இரண்டையும் கிட்டிய டவுனில் வாங்கினால் நல்லது. கெடுவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ளவை அவை, யூபிஎஸ் கனமானதும்கூட. வொரண்டிக்காக அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் செலவையும் கணக்கில் சேர்த்தால், டவுன் கடையின் இரண்டாயிரம் ரூபா கூடுதல் பெரிதாகத் தெரியாது. மற்றப் பாகங்களின் வொரண்டி ஸ்டிக்கர், பெட்டி, பில் மூன்றையும் வைத்திருங்கள். பில் மை மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள். தீய்ந்த பாகத்துக்கும் இடி விழுந்ததற்கும் பொதுவாக வொரண்டி கிடையாது.

கடையிலேயே பொருத்தி எடுத்தால், ஓட்டிப் பார்த்த பின் கிராபிக் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டுவாருங்கள். அவிசாவளைக்கு மேல் வளைவும் குலுக்கலும் கூடும். பஸ்ஸில் ஒரு கிலோ கார்ட் போர்டில் தொங்கிக்கொண்டு வந்தால் துளையே பிய்ந்துவிடும்.

பாவித்த ஒஃபிஸ் கம்ப்யூட்டரில் கார்ட் போட்டு ஓட்டலாமா?

மிகக் குறைந்த காசுக்கு அதுதான் சரியான வழி. எட்டாம் தலைமுறை இன்டெலோ அதற்கு மேலோ பாருங்கள். அதற்குக் கீழே விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. டெல், எச்பி போன்றவற்றின் பல மாடல்களில் பவர் சப்ளையின் வயர் சொந்த வடிவம், வெளியில் வாங்கும் சப்ளை பொருந்தாது. அதனால் தனி வயர் கேட்காத கார்ட்: ஜிடிஎக்ஸ் 1650 இன் 75 வொட் ரகம், அல்லது 70 வொட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஒல்லியான கேசிங் என்றால் ‘லோ புரோஃபைல்’ ரகமா என்று அளந்து வாங்குங்கள்.

வலோரண்ட் ஏற்றினேன், திறக்க மறுக்கிறது.

விண்டோஸ் 11 இல் அதற்கு டிபிஎம் 2.0 உம் செக்யூர் பூட்டும் வேண்டும், இரண்டும் மெஷினின் பாதுகாப்பு வசதிகள். பயோஸில் ரைசனுக்கு ‘எஃப்டிபிஎம்’, இன்டெலுக்கு ‘பிடிடி’ என்று இருக்கும், இயக்குங்கள். விண்டோஸை பழைய எம்பிஆர் முறையில் (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறை) ஏற்றியிருந்தால் முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றாமல் செக்யூர் பூட்டில் கை வைக்காதீர்கள், மெஷின் விண்டோஸுக்குள் போகாது.

எல்லாம் பொருத்திவிட்டேன், மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

மொனிட்டர் வயர் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டிலா? முதலில் அது. அடுத்தது போர்டின் மேல் இடது மூலையில் பிராசசருக்கான 8 பின் வயர். 24 பின்னைக் குத்திவிட்டு இதை மறப்பவர்கள் ஏராளம். பிறகு கார்டின் 8 பின். பிறகு ராம்: இரு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும், பயந்து பயந்து வைத்தால் அரைவாசிதான் இறங்கும். ஒரு குச்சியை மட்டும் இரண்டாவது இடத்தில் வைத்துப் பாருங்கள்.

போர்டில் சின்ன விளக்குகள் நான்கு இருந்தால் எது எரிந்து நிற்கிறது என்று பாருங்கள். சிபியு (பிராசசர்) விளக்கு நின்றால் பயோஸ் பழையது, அல்லது பின் வளைந்திருக்கிறது. ஏஎம்4 இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், இன்டெலில் போர்டின் மேல். ராம் விளக்கு என்றால் மேலே சொன்னதுதான். விஜிஏ (கிராபிக் கார்ட்) விளக்கு என்றால் கார்டைக் கழற்றிப் பல்வரிசையை மென்மையான அழிறப்பரால் துடைத்துத் திரும்பக் குத்துங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் ப்ளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள வட்டப் பட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். முதல் தடவை பவர் போட்டதும் புதிய ராமைப் பழகிக்கொள்ளச் சில போர்டுகள் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும், இரண்டு மூன்று தடவை தானே அணைந்து எழும்பும். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்காமல் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வாருங்கள்.